மிதிவண்டியின் உலோகம் அறிதல்

உருவத்தால் ஒத்திருப்பன எல்லாம் இயல்பால் ஒத்திருப்பன அல்ல. ஒரே வண்ணம் பூசப்பெற்று அருகருகே நிற்கும் இரண்டு பழைய பந்தய மிதிவண்டிகளைக் காண்க. அவற்றுள் ஒன்று, தேர்ந்த உலோகக் கலவையால் இயன்ற மெல்லிய குழாய்களைக் கொண்டதாக இருக்கலாம். மற்றொன்று, நீர்க்குழாயினின்றும் பெரிதும் வேறுபடாத தடித்த குழாய்களைக் கொண்டதாக இருக்கலாம். பார்ப்பவர் கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஆனால், விலை கொடுப்பவர்க்கும், பழுது பார்ப்பவர்க்கும், ஏறிச் செல்பவர்க்கும் அவை ஒன்றல்ல.

இவ்வேறுபாட்டை அறிவது வெறும் பொழுதுபோக்கன்று. உலோகம் அறியாது வாங்குவோன் இழிந்த பொருளுக்கு உயர்ந்த விலை கொடுத்து ஏமாறுவான். உலோகம் அறியாது உலைத்தீயை ஏந்தும் கொல்லன், நல்ல குழாயின் வலிமையைத் தன் கையாலேயே கெடுப்பான். உலோகம் அறியாது மலைச்சரிவில் விரைந்து இறங்குவோனோ, தன் உயிரையே ஐயத்திற்கு இடமான ஒரு கவையின்மேல் வைக்கின்றான். ஆகலின், பழைய வண்டியின் உலோகத்தைத் தேர்ந்து அறியும் நெறி கற்கத் தக்கதாகும்.

வண்டியின் உறுப்புகள்

இங்கிலாந்து நாட்டின் கவென்றி நகரில், சான் கெம்ப் சுடார்லி என்பவர் 1885ஆம் ஆண்டில் ‘ரோவர்’ என்னும் மிதிவண்டியை வெளியிட்டார். இரண்டு சக்கரங்களும் ஏறத்தாழ ஒத்த அளவினவாய், பின்சக்கரம் சங்கிலியால் இயங்குவதாய் அமைந்த அவ்வண்டியே இன்றைய மிதிவண்டிக்கு முன்னோடியாகும். அதனைத் தொடர்ந்து, சில ஆண்டுகளுக்குள், இன்று எங்கும் காணப்பெறும் சாய்சதுர வடிவச் சட்டகம் நிலைபெற்றது.

இச்சட்டகத்தைக் கடைத்தெருவில் ‘பிரேம்’ என்பர். மேற்குழாய், கீழ்க்குழாய், இருக்கைக்குழாய் என்னும் மூன்றும் அதன் முதன்மைக் குழாய்கள். பின்சக்கரத்தைத் தாங்கும் மெல்லிய குழாய்கள் மேலே இரண்டும் கீழே இரண்டுமாக நான்கு உள்ளன. முன்சக்கரத்தைத் தாங்கும் உறுப்போ தனியாயது. மரத்தின் கவடுபோல் இரண்டாகப் பிரிந்து நிற்பதால் அதனைக் கவை எனலாம். ‘போர்க்’ என்று கடைக்காரர் கூறுவது இதனையே. கவையின் இரண்டு கால்களும் மேலே கூடுமிடம் முடி எனப்படும். முடியிலிருந்து எழுந்து சட்டகத்தின் கழுத்துக்குள் புகும் தண்டு கழுத்துத்தண்டு ஆகும்.

கவை, சட்டகத்தோடு ஒன்றாகப் பற்றவைக்கப்பட்டது அன்று, கழற்றி மாற்றத்தக்கது. எனவே, சட்டகம் ஒரு பொருளாலும் கவை வேறொரு பொருளாலும் அமைதல் கூடும். இதனை மறவாமை இப்பாடத்தின் முதற்படியாகும்.

நால்வகைப் பொருள்கள்

பழைய பந்தய வண்டிகளில் காணப்பெறும் பொருள்கள் எஃகு, அலுமினியம், டைட்டானியம், கரியிழை என நான்காம். ஒரு கன சென்டிமீட்டர் எஃகின் எடை ஏறத்தாழ 7.8 கிராம்; டைட்டானியத்தின் எடை 4.5 கிராம், அலுமினியத்தின் எடை 2.7 கிராம், பிசினில் தோய்த்து இறுக்கிய கரியிழையின் எடை 1.6 கிராம் அளவாகும்.

இவற்றுள் எஃகே நெடுங்காலம் தனியரசு செலுத்தியது. 1970ஆம் ஆண்டிற்குப் பின்னரே ஏனையவை பந்தயச் சாலைகளில் குறிப்பிடத்தக்க இடம் பெறத் தொடங்கின. இத்தாலியில் ‘ஆலன்’ என்னும் பெயருடன் வந்த வண்டிகளும், பிரான்சில் 1979ஆம் ஆண்டளவில் வந்த ‘வித்துஸ் 979’ என்னும் வண்டியும் அலுமினியக் குழாய்களைப் பசையால் ஒட்டி அமைத்தவை. அமெரிக்காவில் கேனன்டேல் நிறுவனத்தார் 1983ஆம் ஆண்டில் பருத்த அலுமினியக் குழாய்களை உருக்கி இணைத்துச் சட்டகம் செய்தனர். டைட்டானியச் சட்டகங்கள் 1970ஆம் ஆண்டினை ஒட்டிய பத்தாண்டில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் சிறு அளவில் தோன்றின. கரியிழை, 1980ஆம் ஆண்டிற்குப் பின்னர்ப் பெரும் பந்தயங்களில் இடம்பெற்றது.

அலுமினியத்தின் விறைப்பு எஃகின் விறைப்பில் மூன்றில் ஒரு பங்கே. அக்குறையை நிறைவு செய்யவே கேனன்டேல் போன்றோர் குழாயைப் பருமனாக்கினர். ஆயினும், அலுமினியம் எல்லாம் பருத்தே இருக்கும் என்று கொள்ளுதல் பிழை. வித்துஸ் வண்டியின் குழாய்கள் எஃகுக்குழாய்களைப் போன்றே மெலிந்தவை. உருவம் கொண்டு மட்டும் பொருளைத் துணிதல் ஆகாது என்பதற்கு இஃது ஒரு சான்று.

எஃகினுள் வேற்றுமை

எஃகு என்று துணிந்த பின்னரும் ஆராய்ச்சி முடிவதில்லை. எஃகினுள்ளும் பல தரங்கள் உண்டு. எல்லா வகை எஃகும் ஏறத்தாழ ஒரே அடர்த்தியும் ஒரே விறைப்பும் உடையன. அவ்வாறாயின் உயர்ந்த எஃகால் ஆகிய வண்டி எடை குறைந்து நிற்பது எதனால்? உயர்ந்த எஃகு வலிமை மிக்கது. ஆதலால் குழாயின் சுவரை மெல்லியதாக்கினும் அது தாங்கும். எடை குறைவது உலோகத்தின் நொய்ம்மையால் அன்று; சுவரின் மென்மையால் என்பதை உணர்க.

சுவரை எங்கும் ஒருபடியாக மெலிவித்தலும் தகாது. குழாய்கள் ஒன்றோடொன்று சேரும் முனைகளிலேதான் விசை மிகுதி. பற்றவைக்கும் வெம்மையும் அங்கேதான் தாக்கும். மூங்கிலின் கணுவிடம் தடித்தும் கணுவிடைப் பகுதி மெலிந்தும் இருத்தல் போல, குழாயின் முனைகளைத் தடிப்பாகவும் நடுப்பகுதியை மெல்லியதாகவும் அமைத்தல் அறிவுடைமையாகும். தடிப்பு உட்புறத்தே அமைவதால், வெளியிலிருந்து காண்பார்க்குக் குழாய் ஒரே சீராகத் தோன்றும். இம்முறைக்கு, பர்மிங்காம் நகரத்து ஆல்பிரடு ரெய்னால்ட்ஸ் என்பவர் 1897ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். அவர்தம் நிறுவனம் 1935ஆம் ஆண்டில் மாங்கனீசும் மாலிப்டினமும் கலந்த எஃகால் ‘531’ என்னும் குழாயை வெளியிட்டது. பின்னர் வந்த அரை நூற்றாண்டுக் காலம் அந்த எண்ணே நல்ல வண்டிக்கு அடையாளமாக விளங்கிற்று. ரெய்னால்ட்ஸ் நிறுவனம் 1928ஆம் ஆண்டில் பர்மிங்காமின் ‘டியூப் இன்வெசுட்மென்ட்ஸ்’ குழுமத்தைச் சேர்ந்தது. அதே குழுமத்தின் கூட்டுறவோடுதான் 1949ஆம் ஆண்டில் சென்னையில் டி. ஐ. சைக்கிள் நிறுவனம் தோன்றியது என்பதும் நினைக்கத்தக்கது.

இத்தாலியின் மிலான் நகரில் ஆஞ்செலோ லூயிசி கொலம்போ என்பவர் 1919ஆம் ஆண்டில் நிறுவிய தொழிலகம், ‘கொலம்பஸ்’ என்னும் பெயரால் குரோமியமும் மாலிப்டினமும் கலந்த எஃகுக் குழாய்களை ஆக்கிற்று. சப்பானில் டாங்கே, இசிவாட்டா ஆகிய நிறுவனங்கள் அவ்வாறே புகழ் பெற்றன. இவையன்றி, கலவை ஏதுமின்றிக் கரி மட்டும் சேர்ந்த எஃகுத் தகட்டை வளைத்து மூட்டிய மலிவான குழாய்களும் பல்லாயிரம் வண்டிகளில் உள்ளன.

மூவகை அளவை

உண்மையை அறியும் வழிகளை நம் முன்னோர் அளவைகள் என்றனர். காண்டல், கருதல், உரை என்னும் மூன்றும் அவற்றுள் தலையாயவை. கண் முதலிய பொறிகளால் நேரே அறிவது காண்டல். புகையைக் கண்டு நெருப்பு உண்டென உணர்தல் போல்வது கருதல். நம்பத்தக்கோர் கூற்றைக் கொண்டு அறிவது உரை. மிதிவண்டியின் உலோகம் அறிதற்கும் இம்மூன்றுமே வழியாகும்.

உரை

சட்டகத்தின் இருக்கைக்குழாயிலும் கவையின் கால்களிலும் குழாய் செய்தோரின் பெயர் பொறித்த ஒட்டுச்சீட்டு இருத்தல் உண்டு. அதுவே வண்டி தன்னைப்பற்றிக் கூறும் உரை. அதனைப் பெயரளவில் படித்து அமையாது, முழுதும் படித்தல் வேண்டும். ரெய்னால்ட்ஸ் நிறுவனத்தார் ஒரே வகைச் சீட்டை எல்லா வண்டிகளுக்கும் வழங்கினாரல்லர். குழாய்கள், கவை, பின்தாங்கிகள் யாவும் முனை தடித்த 531 என்று உறுதி கூறும் சீட்டு ஒன்று. மூன்று முதன்மைக் குழாய்கள் மட்டுமே 531 என்று கூறும் சீட்டு வேறொன்று. பின்னதை ஒட்டிய வண்டியின் கவை எளிய எஃகாக இருப்பது பெரும்பான்மை. எண்ணை மட்டும் கண்டு, அதன்கீழ் உள்ள சிறிய எழுத்துகளைக் காணாது விடுவோர் ஏமாற்றம் அடைவர். இங்கே சீட்டுப் பொய் கூறவில்லை. படிப்போர் முழுதும் படிக்கவில்லை.

இனி, சீட்டே பொய்யாதலும் உண்டு. ஐம்பது ஆண்டு கண்ட வண்டி இருமுறை மும்முறை வண்ணம் பூசப்பெற்றிருக்கும். பழைய சீட்டுகளின் படிவங்கள் இன்று புதியனவாக அச்சிட்டு விற்கப்படுகின்றன. அவற்றை எவ்வண்டியிலும் ஒட்டலாம். மேலும், சீட்டு உதிர்ந்துபோன நல்ல வண்டிகளும் பல. ஆகவே, சீட்டு இருப்பது முடிந்த சான்றும் அன்று. இல்லாதது குறையும் அன்று. உரையைக் கேட்க, கேட்டதனைக் காண்டலாலும் கருதலாலும் சரிபார்க்க.

காண்டல்

முதலில் ஒரு சிறு காந்தத்தைக் கையில் கொள்க. அதனை ஒவ்வொரு குழாயிலும், கவையின் இரண்டு கால்களிலும், முடியிலும் வைத்துப் பார்க்க. காந்தம் பற்றினால் அவ்வுறுப்பு எஃகு. பற்றாதாயின் அலுமினியமோ, டைட்டானியமோ, கரியிழையோ ஆகலாம். ஓரிடத்தில் வைத்துப் பார்த்து முழுவண்டிக்கும் முடிவு கூறுதல் கூடாது. அலுமினியச் சட்டகத்தில் எஃகுக்கவை பொருத்திய வண்டிகள் பல உள. கரியிழைக் கால்களை எஃகுத்தண்டில் பொருத்திய கவைகளும் 1990ஆம் ஆண்டிற்குப் பின் வந்தன.

காந்தம் பற்றாத பொருள்களை வண்ணம் படாத இடங்களில் உற்று நோக்கி வேறுபடுத்தலாம். மிதிகட்டையின் அச்சு செல்லும் கூட்டின் உட்புறமும், கவையின் கழுத்துத்தண்டும் பெரும்பாலும் பூச்சின்றி இருக்கும். அலுமினியம் வெண்மையாய் மின்னும், எளிதில் கீறுபடும், நாட்பட்டால் வெண்பொடி பூக்கும். டைட்டானியம் சாம்பல் நிறத்தது, துருவேறாது. கரியிழையில் இழைகளின் நெசவோ அடுக்கோ தென்படும். தொட்டால் உலோகத்தின் குளிர்ச்சி இராது. வெளிப்பூச்சைக் கத்தியால் சுரண்டிப் பார்த்தல் அறியாதார் செயல். கரியிழையாயின் அச்சுரண்டலே பழுதுக்கு வித்தாகும்.

எஃகின் தரத்தை அறியக் காந்தம் உதவாது. உயர்ந்த எஃகையும் தாழ்ந்த எஃகையும் அஃது ஒருபடியாகவே பற்றும். அங்கே செய்வினையின் திறத்தை நோக்க வேண்டும். சக்கர அச்சு பொருந்தும் பிளவுடைய முனைத்தகடுகளைக் காண்க. தகட்டை அச்சால் வெட்டி எடுத்து, குழாயின் முனையை நசுக்கி அதனுள் செருகியிருப்பின், மலிவான வண்டி என்று எண்ண இடமுண்டு. அடித்து உருவாக்கிய தடித்த முனைகள் இருந்து, அவற்றில் கம்பஞோலோ போன்ற பெயர்பெற்ற நிறுவனத்தின் முத்திரையும் இருப்பின், செய்தோன் குழாயிலும் சிக்கனம் பாராது இருந்திருப்பான் என்று கொள்ளலாம். குழாய்கள் நுழையும் மூட்டுறைகளின் விளிம்பு மெலிதாக அராவப்பட்டுள்ளதா என்பதையும் காண்க.

நகத்தால் குழாயின் நடுப்பகுதியைச் சுண்டி ஓசை கேட்பதும் ஒரு முறை. மெல்லிய சுவர் மணிபோல் ஒலிக்கும். தடித்த சுவரின் ஓசை மழுங்கியிருக்கும். முனையருகிலும் நடுவிலும் மாறிமாறிச் சுண்டினால், முனை தடித்த குழாயின் ஓசை வேறுபடுவதை உணரலாம். ஆயினும், செவியறிவு பழக்கத்தால் வருவது. பல வண்டிகளைச் சுண்டிப் பார்த்தவர்க்கே அது துணைசெய்யும்.

கருதல்

குழாயின் சுவரை நேரே அளத்தல் அரிது. ஆனால், வெளிவிட்டமும் உள்விட்டமும் தெரிந்தால் சுவரின் தடிப்பைக் கணக்கால் பெறலாம். இருக்கையைத் தாங்கும் தண்டு, இருக்கைக்குழாயின் உள்ளே செறிவாகப் பொருந்துவது. முனை தடித்த வகையிலும் இருக்கைக்குழாயின் மேல்முனை மட்டும் மெல்லியதாகவே விடப்படும். தண்டு நுழைதற்பொருட்டு அவ்வாறு செய்வர். ஆகவே, தண்டின் அளவு சுவரின் மென்மையைக் காட்டும் அடையாளமாகின்றது.

பெரும்பாலான எஃகு வண்டிகளில் இருக்கைக்குழாயின் வெளிவிட்டம் 28.6 மில்லிமீட்டர். சுவரின் தடிப்பு 0.6 மில்லிமீட்டர் என்க. இருபுறமும் சேர்ந்து 1.2 கழிய, உள்விட்டம் 27.4 ஆகும். தண்டு எளிதில் நுழைய 0.2 விடின், 27.2 மில்லிமீட்டர்த் தண்டு பொருந்தும். சுவர் 1.0 மில்லிமீட்டராயின் உள்விட்டம் 26.6, தண்டு 26.4. சுவர் 1.2 மில்லிமீட்டராயின் உள்விட்டம் 26.2, தண்டு 26.0. எனவே, 27.2 அளவுள்ள தண்டு கண்டவிடத்து மெல்லிய சுவரும், அதனால் நல்ல எஃகும் உண்டு எனக் கருதலாம்.

இக்கருத்தில் வழுவும் புகக்கூடும். பிரான்சு நாட்டார் நெடுங்காலம் மெட்டிரிக் அளவில் குழாய் செய்தனர். அவர்தம் இருக்கைக்குழாயின் வெளிவிட்டம் 28.0 மில்லிமீட்டர். அதில் 0.6 மில்லிமீட்டர்ச் சுவர் அமையின் உள்விட்டம் 26.8, தண்டு 26.6 அல்லது 26.4. ஆகவே, 26.4 தண்டு கொண்ட இரண்டு வண்டிகளுள் ஒன்று தடித்த எளிய எஃகாகவும், மற்றொன்று மெல்லிய 531 ஆகவும் இருத்தல் கூடும். வெளிவிட்டத்தையும் வெர்னியர் அளவியால் அளந்த பின்னரே முடிவு கூறல் வேண்டும். மிதிகட்டைக் கூட்டின் அகலமும் நாட்டை உணர்த்தும். 70 மில்லிமீட்டராயின் இத்தாலிய முறை. 68 மில்லிமீட்டராயின் ஆங்கில முறையோ பிரெஞ்சு முறையோ ஆகும். அவ்விரண்டனையும் திருகுமறையின் அளவு பிரித்துக் காட்டும்.

மற்றொன்றும் உண்டு. முன்னைய உடைமையாளர் பொருந்தாத சிறு தண்டைத் தகடு சுற்றி நுழைத்திருக்கக்கூடும். ஆதலால், தண்டில் பொறித்த எண்ணை நம்பாது, குழாயின் உள்வாயையே அளப்பது நன்று.

27.2 என்னும் அளவு சுவரின் மென்மையைத்தான் கூறும். செய்தோர் பெயரைக் கூறாது. ரெய்னால்ட்ஸ் 531, கொலம்பஸ் எஸ். எல்., சப்பானியக் குழாய்கள் சில ஆகிய யாவும் அவ்வளவினவே. கொலம்பஸ் எஸ். பி. என்பதோ, சுவர் சற்றே தடித்தமையால் 27.0 தண்டை ஏற்கும்.

கவையின் ஆராய்ச்சி

சட்டகத்தைவிடக் கவையை மிகுந்த கவனத்தோடு ஆராய்தல் வேண்டும். சட்டகம் ஓரிடத்தில் விரிந்தாலும் ஓட்டுவோன் பெரும்பாலும் நிறுத்தி இறங்குதற்கு நேரம் பெறுவான். கவை முறிந்தால் அந்த நேரம் கிட்டுவதில்லை. மோதலில் முதலில் வளைவதும் கவையே. ஆகையால் மாற்றப்படுவதும் பெரும்பாலும் அதுவே.

கைப்பிடித்தண்டை எடுத்துக் கழுத்தின் திருகுகளைத் தளர்த்திக் கவையை வெளியே எடுத்தால் பல உண்மைகள் வெளிப்படும். கழுத்துத்தண்டில் செய்தோர் முத்திரை சில இடங்களில் அழுந்தியிருக்கும். கொலம்பஸ் தண்டில் புறாவின் உருவத்தோடு அதன் பெயரைக் காணலாம். அத்தண்டின் உட்புறத்தே, முடியை ஒட்டிய அடிப்பகுதியில், திருகிச் செல்லும் ஐந்து வரிகள் எழும்பியிருக்கும். கவையைக் கழற்றாமலே, கீழிருந்து விளக்கொளி செலுத்தி அவ்வரிகளைக் காணுதலும் கூடும். கொலம்பஸ் நிறுவனத்தார் 1980ஆம் ஆண்டினை ஒட்டிய பத்தாண்டில் வெளியிட்ட எஸ். எல். எக்ஸ். வகையில், மிதிகட்டைக் கூட்டை ஒட்டிய குழாய்முனைகளின் உள்ளும் இத்தகைய வரிகள் உள்ளன. அச்சைக் கழற்றி நோக்கினால் அவை புலப்படும்.

இவ்வரிகள் உறுதியான சான்றே. ஆயினும், எதற்குச் சான்று என்பதை வரையறுத்துக்கொள்ள வேண்டும். கழுத்துத்தண்டின் வரி கழுத்துத்தண்டிற்கே சான்று; கால்களுக்கும் சட்டகத்திற்கும் அன்று. கவையின் வண்ணம் சட்டகத்தின் வண்ணத்தோடு ஒத்துள்ளதா, கழுத்துத்தண்டின் நீளம் கழுத்துக்கு ஏற்றதா என்பன போன்றவற்றையும் நோக்கியே, அது வண்டியோடு பிறந்த கவையா, பின்னர் வந்து சேர்ந்த கவையா என்று துணிதல் வேண்டும்.

மூன்றும் முரண்படுமிடம்

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்க. ஒருவன் ஒரு பழைய வண்டியை விற்க வருகின்றான். கவையின் கால்களில் 531 என்னும் சீட்டும், இருக்கைக்குழாயில் யாவும் முனை தடித்த 531 என்று உறுதி கூறும் சீட்டும் உள்ளன. காந்தம் எங்கும் பற்றுகின்றது. இருக்கைக்குழாயின் வெளிவிட்டம் 28.6, உள்வாய் 27.4. பின்முனைத் தகடுகள் அடித்து உருவாக்கியவை. இதுவரை உரையும் காண்டலும் கருதலும் ஒத்துச் செல்கின்றன. ஆனால், கவையின் முனைத்தகடுகளோ வெட்டியெடுத்த மெல்லிய தகடுகள். கால்களின் முனை நசுங்கியுள்ளது. கால்களைச் சுண்டினால் ஓசை மழுங்குகின்றது.

இங்கே செய்யத்தக்கது யாது? சட்டகம் நல்ல எஃகு என்பதைப் பெரும்பாலும் ஏற்கலாம். கவை வேறு என்று ஐயுறல் வேண்டும். சீட்டுகளின் எண்ணிக்கை ஐயத்தை நீக்காது. ஒரே கை ஒட்டிய பத்துச் சீட்டுகளும் ஒரு சான்றே. தனித்தனி வழியில் வந்த மூன்று அறிகுறிகள் மூன்று சான்றுகள். ஏடு பதிப்பிப்போர், ஒரே மூலத்தைப் பார்த்து எழுதிய பல படிகளை ஒரு சான்றாகவே எண்ணுவர்; வெவ்வேறு வழியில் வந்த ஏடுகள் ஒத்த பாடத்தையே உறுதியெனக் கொள்வர். அந்நெறியே இங்கும் வேண்டுவது.

அறிவால் வரும் பயன்

உலோகம் அறிந்தபின் செய்யத்தக்கனவும் தகாதனவும் தெளிவாகும். பழைய பந்தய வண்டியின் பின்முனைகளுக்கு இடையே உள்ள அகலம் 120 அல்லது 126 மில்லிமீட்டர். பின்னாளில் வந்த சக்கரத்திற்கு 130 வேண்டும். எளிய எஃகாயினும் 531 ஆயினும், தேர்ந்தவர் பின்தாங்கிகளை மெல்ல விரித்து அவ்வகலத்தைப் பெறுதல் கூடும். அலுமினியத்தையும் கரியிழையையும் அவ்வாறு விரித்தல் ஆகாது; அவை விரிசல் காணும். எஃகினுள்ளும், ரெய்னால்ட்ஸ் 753 என்னும் குழாய் வெப்பப் பதம் ஏற்றப்பட்டது. அதனை வளைத்துச் செப்பனிடுதல் கூடாது. மிகுந்த வெம்மையும் அதற்குப் பகை. ஆதலின் குறைந்த வெம்மையில் உருகும் வெள்ளிப் பற்றாசினாலேயே அதனை இணைத்தனர். தேர்வு இணைப்பு ஒன்றைச் செய்து காட்டி ஒப்புதல் பெற்ற கைவினைஞர்க்கே அக்குழாயை அந்நிறுவனம் வழங்கிற்று.

எஃகு, தன் எல்லைக்கு உட்பட்ட சுமையை எத்தனை முறையும் தாங்கவல்லது. முறிவதற்கு முன் பெரும்பாலும் வளைந்து எச்சரிக்கும். அலுமினியமோ, ஒவ்வொரு சுமையாலும் சிறிது சிறிதாக அயர்ச்சியைச் சேர்த்துக்கொள்வது. பசையால் ஒட்டிய பழைய சட்டகங்களில் இணைப்புத் தளர்தலும் உண்டு. கரியிழையின் உள்ளே நேர்ந்த பழுது வெளியே தெரியாதிருத்தல் கூடும். ஆகவே, பொருள் இன்னதென அறிந்தவனே எதனை நோக்கி ஆராய்வது, எப்போது ஓட்டுதலை நிறுத்துவது என்பதையும் அறிவான்.

பூச்சும் பெயரும் கண்டு மயங்காது, ஒவ்வொரு சான்றும் எவ்வளவு கூறுகின்றதோ அவ்வளவே கொண்டு, பல சான்றும் ஒத்தவிடத்துத் துணிந்து, ஒவ்வாதவிடத்து ஐயுற்று நிற்பதே அறிவு. ஐயம் தீராத கவையை மாற்றிவிடுவதில் இழப்புச் சிறிது. அதனை நம்பி ஏறுவதில் இழப்புப் பெரிது.

பயிற்சி

1. சட்டகத்தையும் கவையையும் தனித்தனியே ஆராய வேண்டுவது ஏன்?
2. உயர்ந்த எஃகால் ஆகிய வண்டி எடை குறைந்திருப்பதன் காரணத்தை விளக்குக.
3. முனை தடித்த குழாயை மூங்கிலோடு ஒப்பிடுக.
4. வெளிவிட்டம் 28.6 மில்லிமீட்டரும் சுவரின் தடிப்பு 0.7 மில்லிமீட்டரும் உள்ள குழாய்க்கு எவ்வளவு விட்டமுள்ள தண்டு பொருந்தும்? கணக்கிட்டுக் கூறுக.
5. 26.4 மில்லிமீட்டர்த் தண்டு ஒன்றையே கொண்டு எஃகின் தரத்தைத் துணிதல் ஏன் தவறாகும்?
6. காண்டல், கருதல், உரை என்னும் மூன்று அளவைகளுக்கும் இப்பாடத்திலிருந்து ஒவ்வோர் எடுத்துக்காட்டுத் தருக.